‘நாளைப் போவார்’களின் நெஞ்சுவலி: புள்ளி யார் கணக்கில்?

‘இது ஹை ரிஸ்க் கேஸ். பெரிய இடத்துக்குக் கொண்டு போய்விடுங்கள்.’

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனை வாசலுக்குப் போகிற நம் மக்களிடம் சொல்லப்படும் இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். ‘ரிஸ்க்’ என்று யார் சொல்கிறார்கள்? எதை வைத்துச் சொல்கிறார்கள்? அந்த ரிஸ்க் யார் உண்டாக்கியது? கேட்டால், ‘இது மருத்துவம், இதற்குள்ளும் சாதி அரசியலைக் கொண்டு வராதீர்கள்’ என்பார்கள். நாங்கள் எதையும் கொண்டு வரவில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பதை விரல் நீட்டிக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்வதுதான் மாரடைப்பு. கையிலோ தொடையிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய கம்பியை விட்டு, பலூனால் அடைப்பை விரித்து, அந்த இடத்தில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்து இரத்த ஓட்டத்தை மீட்கிறார்கள். இதைச் செய்யும் இடம் கேத் லேப். செய்வதற்கு முன் மருத்துவர் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இவர் உயிர் பிழைப்பாரா, குழாயைப் பார்க்கச் செலுத்தும் மருந்துச்சாயம் சிறுநீரகத்தைக் கெடுக்குமா, இரத்தக்கசிவு வருமா? இதற்கென்று உலகம் முழுக்கப் பல மதிப்பெண் அட்டவணைகள் இருக்கின்றன. வயதுக்கு இத்தனை புள்ளி, இரத்த அழுத்தத்துக்கு இத்தனை, சிறுநீரகத்துக்கு இத்தனை என்று கூட்டி, ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று சொல்வார்கள்.

இந்த அட்டவணைகள் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பின்தொடர்ந்து உண்டாக்கிய கணக்கு இது. பண்டிதர் அயோத்திதாசர் மருத்துவராக வாழ்ந்தவர். அவர் வழி வந்த நாம் மருத்துவ அறிவுக்கு எதிரிகள் அல்ல. எங்கள் கேள்வி, புள்ளியை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுகிறீர்கள் என்பதுதான்.

அட்டவணையை வரி வரியாக வாசிப்போம்

‘டிமி’ என்று ஓர் அட்டவணை 2000ஆம் ஆண்டில் வெளியானது. பெரிய மாரடைப்போடு வந்து, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடத் தகுதியான நோயாளிகளுக்காக, ஏறத்தாழ 14,000 பேரின் பதிவுகளிலிருந்து உருவாக்கப்பட்டது. மொத்தம் 14 புள்ளி. புள்ளி கூடினால் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு கூடும். அதில் ஒரு வரி: நோயாளியின் எடை 67 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் 1 புள்ளி. திருநாவலூர் ஒன்றியத்தில் கரும்பு வெட்டுகிற, நாற்று நடுகிற, செங்கல் அறுக்கிற நம் ஆட்களை வரிசையாகத் தராசில் நிறுத்திப் பாருங்கள். எத்தனை பேர் 67 கிலோ தாண்டுவார்கள்? வெள்ளைக்காரர்கள் பெரும்பாலாக இருந்த ஓர் ஆய்வில் ‘மெலிந்தவர்’ என்பதற்கு இட்ட கோடு, இங்கே உழைக்கும் சனத்தில் முக்கால்வாசியை ஒரே தட்டில் தள்ளிவிடும்.

அதே அட்டவணையில் இன்னொரு வரி: வலி தொடங்கி சிகிச்சை கிடைக்க 4 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் 1 புள்ளி. இந்த வரியில் கொஞ்சம் நில்லுங்கள். வண்டி வராதது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுக்க ஆள் இல்லாதது, ஒரு மருத்துவமனை இன்னொன்றுக்கு அனுப்பியது எல்லாம் சேர்ந்துதான் அந்த 4 மணி நேரம். ஆனால் புள்ளி விழுவது நோயாளியின் பெயருக்கு எதிரில். தாமதித்தது ஊரும் அரசும். ரிஸ்க் ஆனது அவன்.

அடுத்தது மருந்துச்சாயத்தால் சிறுநீரகம் கெடுமா என்று பார்க்கும் ‘மெஹ்ரான்’ அட்டவணை. 2004இல் வந்தது. அதில் இரத்தசோகைக்கு 3 புள்ளி. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு ஆணுக்கு 39 சதவீதத்துக்கும் பெண்ணுக்கு 36 சதவீதத்துக்கும் கீழே போனால் அந்த 3 புள்ளி விழும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பாதிக்கு மேல்! கடைசியாகச் சாப்பிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டு, களத்துமேட்டில் நின்ற பெண்ணின் இரத்தத்தில் ஏன் இரும்பு இல்லை என்று அட்டவணை கேட்காது. 3 புள்ளியைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

சிறுநீரகமும் அப்படித்தான். சர்க்கரை, இரத்த அழுத்தம் என்ற வழக்கமான காரணங்கள் எதுவும் இல்லாமலே சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடையே கணிசமாக இருக்கிறார்கள் என்று மருத்துவ ஆய்வுகளே சொல்கின்றன. உச்சி வெயிலில், தண்ணீர் குடிக்க நேரமின்றி, பல ஆண்டுகள் குனிந்து உழைத்த உடம்பு அது. அந்த உடம்பு கேத் லேப் வாசலுக்கு வரும்போது ‘கிரியாட்டினின் அதிகம், ரிஸ்க்’ என்று எழுதப்படுகிறது.

எந்த அட்டவணையிலும் சாதி என்று ஒரு கட்டம் இல்லை. இருக்க வேண்டிய தேவையே இல்லை. எடை, இரத்தம், சிறுநீரகம், நேரம் என்று ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சாதி ஏற்கெனவே போய் உட்கார்ந்துகொண்டது.

ஏழையைக் கொன்றது நோயா, சிகிச்சை மறுப்பா?

‘ஏழைகள் நோய் முற்றித்தான் வருகிறார்கள், அதனால் சாகிறார்கள், நாங்கள் என்ன செய்வது?’ இதுதான் வழக்கமான பதில். இந்தப் பதிலை ஓர் இந்திய ஆய்வே உடைத்துப் போட்டது. ‘கிரியேட்’ என்ற அந்த ஆய்வு 2008இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இந்தியாவில் 89 மருத்துவமனைகளுக்கு மாரடைப்போடும் அது போன்ற நெஞ்சுவலியோடும் வந்த 20,000க்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்து பார்த்தார்கள்.

30 நாளுக்குள் இறந்தவர்கள் பணக்காரர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். ஸ்டென்ட், பலூன் சிகிச்சை கிடைத்தது பணக்காரர்களில் 15.3 சதவீதத்துக்கு. ஏழைகளில்? 2 சதவீதத்துக்கு. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகூட பணக்காரர்களில் 61.2 சதவீதத்துக்கும் ஏழைகளில் 36 சதவீதத்துக்கும்தான் கொடுக்கப்பட்டது. ஸ்டென்டுக்காவது இயந்திரம் வேண்டும், நிபுணர் வேண்டும். மாத்திரைக்கு என்ன வேண்டும்?

முக்கியமானது இனிமேல்தான். நோயாளிகளின் உடல்நிலையையும் ஆபத்துக் காரணிகளையும் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள். இறப்பு வித்தியாசம் அப்படியே நின்றது. கொடுக்கப்பட்ட சிகிச்சையைக் கழித்துப் பார்த்தார்கள். வித்தியாசம் மறைந்தது. அதாவது ஏழை கூடுதலாகச் செத்ததை அவன் உடம்பின் ‘ரிஸ்க்’ விளக்கவில்லை. அவனுக்குக் கொடுக்காமல் விட்ட சிகிச்சை விளக்கியது. இந்த ஒரு முடிவை ஒவ்வொரு கேத் லேப் வாசலிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்போம்.

‘அது வர்க்கம், சாதி இல்லையே’ என்று உடனே ஒரு குரல் வரும். 2022இல் இன்னோர் ஆய்வு வந்தது. ஒன்பது மாநிலங்களில், இரண்டு கோடிப் பேருக்கு மேற்பட்டோரின் தரவை வைத்து ஆயுட்காலத்தைக் கணக்கிட்டார்கள். உயர்சாதி இந்துக்களைவிட தலித்துகளின் ஆயுள் 3 ஆண்டுக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளின் ஆயுள் 4 ஆண்டுக்கு மேல் குறைவு. பொருளாதார நிலையைச் சமன் செய்து பார்த்த பிறகும் அந்த இடைவெளி முழுதாக மூடவில்லை. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. அப்படியானால் இங்கே எடுத்துக் காட்டுங்கள் என்றுதான் நாங்கள் கேட்கிறோம்.

‘நாளை’ என்ற பெயர்

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அவர் எழுதிய திருத்தொண்டத்தொகையில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். நந்தன். ஆனால் அந்தப் பட்டியலில் அவர் பெயர் நந்தன் இல்லை, திருநாளைப்போவார். ‘நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர் என்று பக்தியோடு விளக்கம் சொல்வார்கள். போக விடாமல் தடுத்தது எது என்பதை மட்டும் பெயரில் சேர்க்கவில்லை. தாமதத்துக்குக் காரணமான தீண்டாமை மறைந்துவிட்டது. தாமதித்தவன் என்ற அடையாளம் நந்தன் தலையில் நின்றுவிட்டது. அட்டவணையில் அந்த 4 மணி நேரப் புள்ளியும் இதையேதான் செய்கிறது.

இன்றைய ‘நாளைப் போவார்’களின் வழியைப் பாருங்கள். வலி வருவது ராத்திரி. வாயு என்று நினைத்து சோடா குடிப்பது, ஓமத் தண்ணீர் குடிப்பது. வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும் என்று விடியும்வரை பொறுப்பது. மருந்துக்கடையில் ஒரு மாத்திரை. பிறகுதான் சுகாதார நிலையம். அங்கிருந்து உளுந்தூர்பேட்டை. அங்கிருந்து விழுப்புரம் தாண்டி முண்டியம்பாக்கமோ, எதிர்த் திசையில் கள்ளக்குறிச்சி சிறுவங்கூரோ, மாநிலம் தாண்டி புதுச்சேரி ஜிப்மரோ. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலையாளிப் பழங்குடிக் கிராமம் என்றால், கச்சிராயபாளையம் வரை மலைப்பாதையில் இறங்கி வருவதே ஒரு பயணம். கிரியேட் ஆய்வில் வலி தொடங்கி மருத்துவமனைக்கு வந்து சேர ஆன நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம். பாதிப்பேருக்கு 6 மணி நேரத்துக்கு மேல். இதயத் தசைக்கு நிமிடம்தான் கணக்கு. கேத் லேப் உள்ள மருத்துவமனைக்குள் நுழைந்தால் 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக உலகம் ஏற்றுக்கொண்ட விதி. வாசலுக்கு வருமுன் போன மணிகளுக்கு எந்த விதியும் இல்லை.

கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது அமைச்சர்கள் ஓடி வந்தார்கள், ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. கல்வராயன் மலை மக்களின் நிலையைப் பற்றி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. கூட்டமாகச் செத்தால்தான் நாம் கண்ணுக்குத் தெரிகிறோம். நெஞ்சுவலியில் ஒவ்வொருவராக, ஒவ்வொரு ராத்திரியாகச் சாகிறவர்களுக்கு விசாரணைக் கமிஷன் கிடையாது. ‘குடிப்பானா? பீடி உண்டா?’ என்ற இரண்டு கேள்வியோடு கோப்பு மூடப்படும்.

அதிக ஆபத்து என்றால் விலக்கு என்று யார் சொன்னது?

மதிப்பெண்ணின் உண்மையான வேலை என்ன? யாருக்கு அதிகக் கவனம் வேண்டும் என்று சொல்வது. சிறுநீரகம் பலவீனமா, சாயத்தின் அளவைக் குறை, உடலில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள். இரத்தக்கசிவு வருமா, தொடைக்குப் பதில் கை வழியாகப் போ. இதயம் தளர்ந்திருக்கிறதா, மூத்த மருத்துவரைக் கூப்பிடு. இப்படிப் பயன்பட்டால் அது கருவி. ‘ரிஸ்க், எடுத்துக்கொண்டு போ’ என்று சொல்லப் பயன்பட்டால் அது தீட்டு. அன்று சாணிப்பால் ஊற்றிச் சொன்னதை இன்று கணினித்தாளில் அச்சடித்துச் சொல்கிறார்கள்.

1999இல் வெளிவந்த ‘ஷாக்’ என்ற ஆய்வைச் சொல்கிறோம். மாரடைப்பில் இரத்த அழுத்தம் சரிந்து, மரண வாசலில் நின்ற 302 பேர். இவர்களைவிட ‘ஹை ரிஸ்க்’ உலகத்தில் இல்லை. ஒரு பிரிவினருக்கு உடனடியாக பலூன் சிகிச்சையோ பைபாஸ் அறுவையோ செய்தார்கள். மற்றவர்களை முதலில் மருந்தால் நிலைப்படுத்தப் பார்த்தார்கள். 6 மாதம் கழித்து உடனடிச் சிகிச்சை பெற்றவர்களில் 50.3 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மற்ற பிரிவில் 63.1 சதவீதம். நூற்றுக்கு ஏறத்தாழ 13 உயிர் மிச்சம். ஆபத்து அதிகமானவனுக்குத்தான் அந்தச் சிகிச்சையால் ஆதாயமும் அதிகம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அவசர நிலை இல்லாமல், நடக்கும்போது மட்டும் வலிக்கிற நிலையான இதய நோயாளிகளுக்கு ஸ்டென்ட் வைப்பதால் ஆயுள் கூடவில்லை என்று 2007இல் ‘கரேஜ்’ ஆய்வும், 2020இல் 5,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து ‘இஸ்கீமியா’ ஆய்வும் காட்டின. வலியைக் குறைக்க அது உதவலாம், உயிரைக் காப்பதில் நல்ல மருந்துகளை மிஞ்சவில்லை. அப்படியிருக்க, காசும் கார்டும் உள்ள குறைந்த ஆபத்துக்காரருக்குக் கதவு அகலத் திறக்கிறது. உயிருக்குப் போராடும் அதிக ஆபத்துக்காரர் அடுத்த ஊருக்கு அனுப்பப்படுகிறார். இதை மருத்துவ முடிவு என்று சொல்ல முடியாது. கையில் சாவு விழக்கூடாது என்ற கணக்கு இது.

இந்தக் கணக்கு அமெரிக்காவிலும் நடந்தது. நியூயார்க் மாநிலம் 1990களின் தொடக்கத்தில் இதய அறுவை மருத்துவர்களின் கையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று வெளியிடத் தொடங்கியது. நோயாளியின் ஆபத்தைக் கணக்கில் கழித்துத்தான் வெளியிட்டார்கள். நல்ல நோக்கம்தான். விளைவு? அந்தப் பட்டியல் வந்த பிறகு பைபாஸ் அறுவை பெறுவதில் வெள்ளையர்களுக்கும் கறுப்பர், ஹிஸ்பானியர்களுக்கும் இடையிலான இடைவெளி கூடியது என்று 2005இல் வந்த ஆய்வு காட்டியது. தோலைப் பார்த்தே ‘ரிஸ்க்’ என்று தீர்மானித்தால் பட்டியலில் பெயர் கெடாது அல்லவா?

நாளைய இயந்திரம்

இப்போது புதிதாக ஒன்று வருகிறது. அட்டவணை போய், கணினியே பழைய பதிவுகளைப் படித்து ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் மென்பொருள்கள். ‘இயந்திரத்துக்குச் சாதி தெரியாது’ என்று விற்பார்கள். 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இதற்குப் பதில். அமெரிக்க மருத்துவமனைகளில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று சொல்ல ஒரு மென்பொருள் இருந்தது. அதில் இனம் என்ற கட்டமே இல்லை. ஆனால் நோயின் அளவை அது மருத்துவச் செலவை வைத்து ஊகித்தது. கறுப்பர்களுக்குச் செலவழிக்கப்படுவதே குறைவு, ஆகவே அவர்களுக்கு நோயும் குறைவு என்று முடிவு கட்டியது! திருத்திப் பார்த்தபோது, கூடுதல் கவனிப்பு பெற வேண்டியவர்களில் கறுப்பர்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயர்ந்தது.

நம் நாட்டுப் பதிவுகளை நினைத்துப் பாருங்கள். ஸ்டென்ட் கிடைத்தவர்கள் 15.3க்கு 2 என்ற விகிதத்தில் இருந்தால், அந்த இயந்திரம் யாரைப் பார்த்துப் படிக்கும்? திருப்பி அனுப்பப்பட்டவன் பதிவேட்டிலேயே இல்லை. வழியில் செத்தவன் எந்தக் கோப்பிலும் இல்லை. இல்லாதவனைப் பற்றி எந்தக் கணக்கும் உண்மை சொல்லாது.

ஏழ்மையைக் கணக்கில் எடுப்பது முடியாத காரியமும் அல்ல. 2007இல் ஸ்காட்லாந்து ‘அசைன்’ என்ற அட்டவணையையும், இங்கிலாந்து ‘கியூரிஸ்க்’ என்ற அட்டவணையையும் கொண்டு வந்தன. ஒருவருக்கு வரும் ஆண்டுகளில் இதய நோய் வருமா என்று பார்ப்பவை அவை. வாழும் பகுதியின் வறுமையை அவற்றில் ஒரு காரணியாகவே சேர்த்தார்கள். ஏன்? சேர்க்காவிட்டால் ஏழையின் ஆபத்து குறைவாகத் தெரிந்து, அவனுக்கு வேண்டிய தடுப்பு மருந்து கிடைக்காமல் போகும் என்பதால். அங்கே வறுமைக்குப் போட்ட புள்ளி கதவைத் திறந்தது. இங்கே வறுமை உண்டாக்கிய புள்ளி கதவைச் சாத்துகிறது.

கையெழுத்து என்ற ஓலை

‘எல்லாம் சொல்லித்தானே கையெழுத்து வாங்கினோம்?’ ஒப்புதல் படிவத்தைக் காட்டுவார்கள். சுந்தரரை அடிமை என்று நிரூபிக்க ஓர் ஓலையைக் காட்டிய கதை திருநாவலூருக்குத் தெரியும். அவரால் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கவாவது முடிந்தது, சபையில் வழக்காடவாவது முடிந்தது. நம் அக்காவுக்கு, கணவன் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது, ஆங்கிலத்தில் அச்சடித்த நான்கு பக்கத்தில் ‘இங்கே, இங்கே, இங்கே’ என்று விரல் காட்டப்படுகிறது. அதற்குமுன், ‘எதுவும் நடக்கலாம், நாங்கள் பொறுப்பில்லை’ என்ற ஒரு வாக்கியம்.

ரிஸ்க்கைச் சொல்லும் முறையா இது? 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சிகிச்சையின் தன்மை, நோக்கம், ஆதாயம், ஆபத்து, வேறு வழிகள், சிகிச்சை எடுக்காவிட்டால் வரும் விளைவு எல்லாம் நோயாளிக்குப் புரியும்படி சொன்னால்தான் அது ஒப்புதல் என்றது. ‘உங்கள் வீட்டுக்காரர் நிலையில் 100 பேர் வந்தால், ஸ்டென்ட் வைத்தால் இத்தனை பேர் பிழைக்கிறார்கள், வைக்காவிட்டால் இத்தனை பேர்’ என்று தமிழில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். செய்வதன் ஆபத்தை மட்டும் சொல்லி, செய்யாமல் விடுவதன் ஆபத்தைச் சொல்லாமல் இருப்பது பயமுறுத்தல். அப்படிப் பயந்து ‘வேண்டாம்’ என்று கூட்டிக்கொண்டு போனால், கோப்பில் ‘உறவினர் மறுத்துவிட்டனர்’ என்று ஏறும். மறுத்தது யார்?

இங்கே மருத்துவர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். நோயாளி இறந்தால் உறவினர்கள் அடிக்க வருகிறார்கள் என்று. மருத்துவர்மீதும் செவிலியர்மீதும் கை வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. அதைத் தடுக்க 2008 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. ஓய்வில்லாமல் வேலை பார்க்கும் அரசு மருத்துவர்களும் நம் வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வந்த மருத்துவர்களும் படும் பாடு எங்களுக்குத் தெரியும். எங்கள் சண்டை அவர்களோடு இல்லை. ஆனால் பயத்துக்கு மருந்து, நோயாளியைத் துரத்துவது அல்ல. 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில், அவசர நிலையில் வந்தவரை அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பியது வாழ்வுரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படுக்கை இல்லை, வசதி இல்லை, பணம் இல்லை என்பதெல்லாம் பதில் ஆகாது என்றது. தீர்ப்பு வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

முடியும் என்று இந்த மாநிலமே காட்டியது

‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று கேட்பவர்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டிலேயே செய்து காட்டினார்கள். நான்கு கேத் லேப் மருத்துவமனைகளை நடுவில் வைத்து, சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளை அவற்றோடு கோத்தார்கள். ஈசிஜியை உடனே அனுப்பி வைப்பது, தூரம் என்றால் அருகிலேயே கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டுப் பிறகு ஆஞ்சியோவுக்குக் கொண்டு போவது, ஆம்புலன்சையும் அரசுக் காப்பீட்டையும் இதோடு இணைப்பது. 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள்.

நோயாளிகளின் எடை கூடிவிட்டதா? இரத்தசோகை ஓடிப்போனதா? இல்லை. மாறியது ஏற்பாடு. ஏற்பாட்டை மாற்றினால் ‘ரிஸ்க்’ குறைகிறது என்றால், அந்த அளவுக்கு ரிஸ்க் ஏற்பாட்டினுடையதுதான், நம்முடையது அல்ல.

2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று ஒன்றிய அரசு விலை உச்சவரம்பு வைத்தது. அதுவரை லட்சத்துக்கும் மேல் விற்றது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளின் முதல் அவசர டோஸை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கிறார்கள். இவை நல்லவை, வரவேற்கிறோம். விலைத்தடை தளர்ந்திருக்கிறது. மிச்சம் இருப்பது தூரத்தடையும் சாதித்தடையும்.

எனவே எங்கள் கோரிக்கைகள்:

1. நெஞ்சுவலியோடு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு நேரச் சீட்டு. வலி தொடங்கியது, முதல் ஈசிஜி, 108 அழைத்தது, வந்தது, ஊசி போட்டது, கேத் லேப் சேர்ந்தது என எல்லா நேரமும் அதில் எழுதப்பட வேண்டும். மதிப்பெண் தாளோடு அதுவும் கோப்பில் இருக்க வேண்டும். நோயாளியின் புள்ளிக்குப் பக்கத்தில் அரசின் புள்ளியும் தெரியட்டும்.

2. ‘ஹை ரிஸ்க்’ என்று வாய்மொழியாகச் சொல்லி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. எந்த அட்டவணை, எத்தனை புள்ளி, எங்கே அனுப்புகிறீர்கள், அங்கே பேசியது யார் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஆம்புலன்சும் உடன் வர வேண்டும்.

3. ஒப்புதல் படிவம் தமிழில். செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று இரண்டு கணக்கும் நூற்றுக்கு இத்தனை என்று அதில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

4. இந்த அட்டவணைகளும் மென்பொருள்களும் நம் மாவட்டங்களின் நோயாளிகளிடம் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு ஸ்டென்ட், எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், 30 நாள் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற விவரம், பெயர்களை நீக்கிவிட்டு, சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியாக வேண்டும்.

5. திருநாவலூர் முதல் வெள்ளிமலை வரை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரவிலும் ஈசிஜி எடுக்க ஆள் வேண்டும். 24 மணி நேரமும் இயங்கும் அருகிலுள்ள கேத் லேப் எது, தொலைபேசி எண் என்ன என்று வாசலில் பலகை வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம் தோழர்களே. நெஞ்சின் நடுவில் அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்வியர்வை என்றால் வாயு என்று இருந்துவிடாதீர்கள். 108ஐ அழையுங்கள். போன இடத்தில் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். வலி தொடங்கிய நேரத்தைக் கையிலாவது எழுதி வையுங்கள். ‘ரிஸ்க்’ என்று சொன்னால், ‘எதனால் சார்? எத்தனை புள்ளி? செய்யாவிட்டால் ரிஸ்க் எவ்வளவு?’ என்று கேளுங்கள். அனுப்பினால் எழுதி வாங்குங்கள். தெருவுக்கு ஓர் இளைஞர் இந்தக் கேள்விகளைக் கற்றுக்கொண்டு உடன் போனால் போதும்.

நம் நெஞ்சு பலவீனமானது என்று கணக்கு எழுதுகிறார்கள். நூற்றாண்டுகளாக ஊரின் சுமையைத் தூக்கிய நெஞ்சு இது. அதன் ஆபத்தை எழுதுகிறவர்கள், அந்த ஆபத்தை உண்டாக்கியவர்களின் பெயரையும் சேர்த்தே எழுதட்டும். நாளை இல்லை. இன்றே.

ஜெய்பீம்!